பாகப்பிரிவினை கதை: ஒருத்தி சொல்லணுமா, ஆளாளுக்கு சொல்லணுமா?

சொத்து பிரிக்கிற கதைய எழுத உக்காந்தா முதல் சிக்கலே யாரு வாயால சொல்றதுங்கறதுதான். ஒரே ஆளு "நான்"னு சொல்றதா, இல்ல அண்ணன், அக்கா, தங்கச்சின்னு ஆளுக்கொரு அத்தியாயமா? ஒரே கதைய ரெண்டு விதமாவும் எழுதிப் பாத்துட்டேன்.

கதை 1995ல நடக்குது, அப்பா உயிரோட இருக்காரு. அக்காவுக்கு 1988ல கல்யாணம், தங்கச்சிக்கு 1991ல. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25ல இருந்து பூர்வீக சொத்துல பொண்ணுங்களுக்கும் பங்கு உண்டுன்னு சட்டம் வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு கிடையாது, மத்திய சட்டத்த 2005ல திருத்துன பிறகுதான் அந்த பாகுபாடு போச்சு. அப்ப ஒரே வீட்டுல தங்கச்சிக்கு பங்கு இருக்கு, அக்காவுக்கு இல்ல. அண்ணன் தங்கச்சிகிட்ட, என் பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்குற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேக்குறான்.

தங்கச்சி சொல்ற வடிவத்துல பெரிய பலமே அவளுக்கு தெரியாத விஷயங்கதான். பதிவு ஆபீஸ்ல கைரேகை வச்சுட்டு கட்டைவிரல் மைய தலைமுடியில தேய்க்குறா, அண்ணன் அவ மூஞ்சிய பாக்காம "டீ சொல்லட்டுமா"ங்குறான். அவன் குற்ற உணர்ச்சியில கேக்குறானா, தப்பிச்சோம்னு கேக்குறானா? அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நம்ம வீடுகள்ல யாரும் மனசுல உள்ளத நேரா பேசமாட்டாங்க, எல்லாம் "சாப்டியா"ங்கறதுக்குள்ளயே போயிடும், அதுக்கு இந்த வடிவம் அவ்ளோ பொருந்துது.

ஆளுக்கொரு அத்தியாயம்னு எழுதினப்ப அண்ணன் வாய தொறந்ததுமே சூடு இறங்கிடுச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குன கடன அவன்தான் இன்னும் வட்டி கட்டிட்டு இருக்கான்னு தெரிஞ்சதும் அவன் பக்கமும் நியாயம், இவ பக்கமும் நியாயம், கதை பட்டிமன்றம் மாதிரி ஆயிடுச்சு. அதோட மூணு பேரும் ஒரே மாதிரி பேசுறாங்க, அது என் குறைதான், ஆனா இந்த வடிவத்துல நிறைய பேரு சறுக்குறது அங்கதான்.

ஆனா அக்கா அத்தியாயத்த எழுதாம இருந்திருந்தா எனக்கு ஒண்ணு கிடைச்சிருக்காது. பத்திரத்துல சாட்சி கையெழுத்து போட்டது அவதான். பங்கே இல்லாதவ, பங்க விட்டுக்குடுக்குறவளுக்கு சாட்சி. எழுதிட்டு இருக்கும்போதே தெரிஞ்சுது, அவளுக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், இனிமே ரெண்டு பேரும் சமம்னு. அன்னிக்கு ரொம்ப நேரம் என்னால மேல எழுத முடியல.

எல்லாம் தெரிஞ்ச கதைசொல்லி வெளிய நின்னு சொல்றது மூணு தலைமுறை நாவலுக்கு சரி, பத்து பக்க கதைக்கு வேணாம்.

என்னைக் கேட்டா சிறுகதைக்கு தங்கச்சிதான். ஆனா மத்தவங்க அத்தியாயத்த எழுதிப் பாத்துட்டு எடுத்து வச்சிருங்க, அப்பதான் அண்ணன் ஏன் மூஞ்சிய திருப்புறான்னு உங்களுக்காவது தெரியும். அக்கா அத்தியாயத்துல இருந்து நான் ஒரே ஒரு வரியத்தான் கதைக்குள்ள கொண்டு வந்தேன். திரும்பி வர்ற பஸ்ல அக்கா தங்கச்சியோட கைய புடிச்சு விரல பாத்துட்டு சொல்றா: "தேங்கா எண்ண தடவு, மை போயிடும்."