குன்னூர் பட்டறை ஒன்றில் தீர்ந்த கடகடச் சத்தம்

மூன்று மாதங்களாக என் காரின் முன்பக்கத்தில் எழுந்த கடகடச் சத்தத்துக்கு, சமவெளியிலுள்ள ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இரண்டு முறையும் கிடைத்த ஒரே பதில், ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டும் என்பதுதான். மனம் ஒப்பாமல் குன்னூரில் ஒரு சிறிய பட்டறைக்குச் சென்றேன்.

அங்கிருந்த மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, "மெதுவா போங்க சார், பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே பள்ளத்துல இறக்குங்க" என்றார். பேட் ஆடினால் பிரேக்கை மிதித்ததும் சத்தம் அடங்கும்; மிதித்தும் மாறாததால் பிரேக் பேடைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கினார். இரு சக்கரங்களும் ஒருசேர ஏறும் வேகத்தடையில் சத்தமில்லை, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது வருகிறது என்பதைக் கவனித்து, ஸ்டெபிலைசர் லிங்க்தான் என்றார்; ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது முறுகி, வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு தண்டு அது. வண்டியைத் தூக்கி, அந்த லிங்கின் பந்து மூட்டை என் கையாலேயே ஆட்டிப் பார்க்க வைத்தார். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வற்றி, உள்ளே செம்மண் அப்பியிருந்தது.

இரு பக்கமும் புதிய லிங்க் போட்ட செலவு, ஷாக் அப்சார்பருக்குச் சொன்ன தொகையில் கால்பங்குகூட இல்லை. ஒருவரே எல்லா வேலையையும் பார்ப்பதால் அரை நாள் காத்திருக்க நேரிடும். அதைத் தவிர எனக்குக் குறையில்லை. மறுவாரம் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கினேன். ஒரு சத்தமும் இல்லை.