மொத்தமாகவா, துண்டு துண்டாகவா? அமெரிக்கக் குடியேற்றச் சீர்திருத்தம்

ஆவணமில்லாமல் அமெரிக்காவில் வாழ்பவர்களுக்குக் குடியுரிமை தர இரண்டு வழிகள்: எல்லாவற்றையும் ஒரே மசோதாவில் கட்டுவது, அல்லது பிரிவு பிரிவாகத் தனிச் சட்டம்.

மொத்த மசோதாவின் பலமே பேரம்தான். 2013-இல் செனட் 68-32 என நிறைவேற்றியது அப்படிப்பட்டது: ஒருபக்கம் 13 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் குடியுரிமை, மறுபக்கம் எல்லைக் காவலர்கள் ஏறக்குறைய இரட்டிப்பு. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மூட்டையே சரிகிறது. அதற்கு முன், 1986-இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட இதேபோன்ற மொத்தச் சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்பூர்வ அந்தஸ்து கிடைத்தது; வேலை கொடுப்பவர்கள் மீதான கெடுபிடியோ பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது. ‘முதலில் எல்லையைப் பூட்டு’ என்ற பிடிவாதத்துக்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம்.

சரி, தனிச் சட்டம்? சிறுவயதில் அழைத்துவரப்பட்டவர்கள் மேல் அனுதாபம் அதிகம். ஆனாலும் 2010-இல் அவர்களுக்கான மசோதா செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகத் தேவையான 60 வாக்கு கிடைக்காமல் விழுந்தது. அப்புறம் 2012-இல் வந்த, அவர்களை நாடுகடத்துவதைத் தள்ளிவைக்கும் டாகா (DACA) வெறும் நிர்வாக ஏற்பாடு: இரண்டிரண்டு ஆண்டாகப் புதுப்பிக்கலாம், குடியுரிமைக்கு வழியில்லை. சுலபமான பகுதியை முதலில் முடித்துவிட்டால் அவர்களுடைய பெற்றோருக்காகப் பேரம் பேசக் கையில் ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் வேறு. நியாயமான பயம்தான். இருந்தாலும் என் ஓட்டு சின்ன மசோதாவுக்கே.