பழைய லாரியின் கேபின் தரை: துரு மாற்றி பூசுவதா, புதுத் தகடு பற்றவைப்பதா?

முடிவெடுக்கும் முன் விரிப்பைத் தூக்கிவிட்டு, தரையை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அங்கே எஞ்சியிருப்பது துரு மட்டுமே.

செலவு: துரு மாற்றிக்கு (துருவின் மேல் பூசும் ரசாயனத் திரவம்) கம்பி பிரஷும் பெயின்ட் பிரஷும் போதும், தகடு மாற்றக் கைதேர்ந்த வெல்டர் வேண்டும்.

உழைப்பு: முதலாவது எளிது. இரண்டாவதற்கு இருக்கைகளையும் வயரிங்கையும் அகற்றி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, அடியில் எரிபொருள் குழாய் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே தீப்பொறி விழலாம். ஏறத்தாழ 1 மி.மீ. தகடு சூட்டில் நெளியும் என்பதால், ஒரே இழுப்பாக இழுக்காமல் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்க வேண்டும்.

ஆயுள்: பலர் ஏமாறுவது இங்கேதான். மாற்றியிலுள்ள டானிக் அமிலம் துருவைக் கருநிறப் படலமாக்குகிறதே தவிர, அரித்துப்போன இரும்பைத் திருப்பித் தருவதில்லை. மேலே பிரைமரும் பெயின்டும் இல்லாவிட்டால் ஈரம் மீண்டும் நுழையும். புதுத் தகட்டுக்கோ, மூட்டுகளில் சீலன்ட்டும் (இடைவெளியை அடைக்கும் பசை) அடிப்புறத்தில் பூச்சும் அவசியம்.

மேற்பரப்புத் துருவுக்கு மாற்றியே போதும். ஓட்டை விழுந்திருந்தாலோ, சீட் பெல்ட் போல்ட்டு அருகே தகடு மெலிந்திருந்தாலோ பற்றவைப்புதான். அங்கே உயிரே அந்தத் தகட்டை நம்பியிருக்கிறது. எதைச் செய்தாலும், முன்கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் கசிகிறதா என்று முதலில் பார்த்து அதை அடைத்துவிடுங்கள்.