கரண்ட் போகும் ஊரில் கேனிஸ்டர் ஃபில்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுக் கூடத்தில் இருக்கும் எங்கள் 200 லிட்டர் மீன் தொட்டிக்குச் சில வருடங்களாக எஹைம் கிளாசிக் 2217 கேனிஸ்டர் ஃபில்டர்தான்: தொட்டிக்கு வெளியே நின்று, குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் டப்பா. ஏஞ்சல் மீன்களும் கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி மீன் கூட்டமும் இருக்கின்றன. பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று போட்டிருக்கும். அது உள்ளே ஒன்றும் நிரப்பாமல் அளந்த கணக்கு. செராமிக் வளையம், ஸ்பாஞ்ச் எல்லாம் போட்டு, தண்ணீர் மேலே ஏறவும் வேண்டுமென்றால் பாதியளவு வந்தாலே நல்லது. அதனால் தொட்டிக்குச் சரியாக இருக்கும் மாடலை விட ஒரு படி பெரிதாக வாங்குங்கள்.

ஆனால் இந்த ஊரில் நான் முதலில் பார்ப்பது வேறு: கரண்ட் போனால் என்ன ஆகும்? 2023இல் முறை வைத்து கரண்டை நிறுத்தும் லோட் ஷெடிங் ஸ்டேஜ் 6 வரை (எண் கூடினால் நிறுத்தமும் கூடும்) போனபோது ஒரே நாளில் பலமுறை நின்றது. மீனின் கழிவான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த வளையங்களில்தான் குடியிருக்கிறது. அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். கேனிஸ்டரோ இறுக மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். இரண்டு மணி நேரத்தை அது தாங்கிவிடுகிறது. கேபிள் பழுதாகி ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை என்றால், மறுபடி ஓட விடுவதற்கு முன் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வளையங்களைத் தொட்டித் தண்ணீரில் அலசிப் போடுவேன். நாறும் அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

2217 எடுப்பது 20 வாட்தான், சின்ன இன்வெர்ட்டரே போதும். வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் வகையாக வாங்குங்கள். மலிவான வகையில் மோட்டார் உறுமும், சூடாகும். அதுவும் முடியாதவர்கள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றாவது வைத்திருங்கள். மீன் மூச்சு விடும்.

குறையும் உண்டு. கிளாசிக்கில் கூடைகள் கிடையாது, எல்லாவற்றையும் நேராக உடம்புக்குள் கொட்ட வேண்டும். சுத்தம் செய்வது கொஞ்சம் அழுக்கு வேலைதான். தொடக்கத்தில் குழாய்க்குள் தண்ணீரை இழுத்துவிடத் தனி பம்பும் இல்லை, குழாயை உறிஞ்சித்தான் தொடங்க வேண்டும். கூடை வைத்த ஃப்ளூவல் போன்ற வேறு கம்பெனி ஃபில்டர்கள் இதில் வசதி. எனக்கு எளிமையான இயந்திரமே பிடித்திருக்கிறது. கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு.

சுத்தம் செய்யும் நாளில் வால்வை மூடி, வாளியில் தொட்டித் தண்ணீர் பிடித்து அதில்தான் வளையங்களை அலச வேண்டும். நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வெள்ளை ஃபைன் ஸ்பாஞ்சை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக்கினால் தொட்டியில் பாக்டீரியா மறுபடி முதலிலிருந்து வளரவேண்டியிருக்கும். ஓட்டம் குறைந்தால் ஃபில்டரை மட்டும் சந்தேகிக்காதீர்கள், குழாய்க்குள் படியும் வழவழப்பைப் பாருங்கள். நீளமான பிரஷ் விட்டு இழுத்தால் ஓட்டம் திரும்பி வரும்.

மூடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ்தான், வாஸ்லின் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் தண்டு செராமிக், கை தவறினால் உடையும். டிசம்பர் விடுமுறையில் கடைகள் மூடும் முன்பே தண்டு ஒன்றும் ஓ-ரிங் ஒன்றும் வாங்கி அலமாரியில் போட்டுவைத்துவிடுங்கள்.