கொட்டேஷன் மென்பொருள்: அளவுக் கட்டத்தை மட்டும் வைத்து ஒரு விமர்சனம்

தக்கலையில் எங்களுக்கு இன்டீரியர் பட்டறை. மாடுலர் கிச்சன், அலமாரி, டிவி யூனிட், பூஜை அறைக் கதவு என்று ப்ளைவுட்டும் மரமும் சேர்ந்த வேலைகள். பட்டறையை அண்ணன் பார்க்கிறார். கொட்டேஷன் போடுவதும் பொருள் வாங்குவதும் பில் போடுவதும் என் பொறுப்பு. முன்பு எக்ஸெல்லில் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது மாதச் சந்தா கட்டி ஒரு ஆன்லைன் மென்பொருளில் போடுகிறோம். குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதால் அதன் பெயரை விட்டுவிடுகிறேன். எந்தக் கம்பெனியுடையதை வாங்க நினைத்தாலும் நான் சொல்லும் இடங்களைத் தட்டிப் பாருங்கள். இந்தத் தொழிலில் காசு நிற்பதும் போவதும் அங்கேதான்.

வாடிக்கையாளர் பேரம் பேசுவது ரேட்டில். சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறையுங்கள் என்பார், நாமும் பேசி ஒரு இடத்தில் நிற்போம். அது கண்ணுக்குத் தெரிந்து விட்டுக்கொடுக்கிற பணம். அளவில் போவது தெரியாமல் போகிற பணம். கைப்பிடி இரண்டு குறைந்தால் கடைக்கு ஓடலாம், ப்ளைவுட் இரண்டு ஷீட் குறைந்தால் அந்த வேலையில் கூலியே மிஞ்சாது. அதனால் டெம்ப்ளேட் அழகு, லோகோ, கலர் பற்றியெல்லாம் நான் எழுதவில்லை. அளவு எழுதுகிற அந்த ஒரு கட்டம் எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும்தான்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு அளவு உண்டு. வாடிக்கையாளருக்கு நாம் காட்டுவது ஒன்று: கீழ் அலமாரி 5 எண்ணம், லாஃப்ட் 42 சதுர அடி. நாம் கடையில் வாங்குவது இன்னொன்று: 18 மி.மீ. ப்ளைவுட் ஷீட் இத்தனை, கீல் இத்தனை, டிராயர் ஓடுகிற சேனல் இத்தனை ஜோடி. எக்ஸெல்லில் இந்த இரண்டும் தனித்தனி ஷீட்டில் கிடக்கும். ஒன்றை மாற்றினால் இன்னொன்றுக்குத் தெரியாது. இந்த மென்பொருளை வாங்கச் சொல்லும் முதல் காரணம், இது இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டே ஒன்றோடொன்று கட்டிப் போட்டிருக்கிறது.

இரண்டடி அகலக் கீழ் அலமாரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கப் பலகை இரண்டு, அடிப்பலகை, ஒரு தட்டு, மேலே இரண்டு பட்டி எல்லாம் சேர்த்தால் 18 மி.மீ. ப்ளைவுட் 16, 17 சதுர அடி பிடிக்கும். எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்று 32 சதுர அடி என்பதால் ஒரு ஷீட்டில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 0.52. கதவு 2, கதவுக்கு 2 வீதம் கீல் 4, கைப்பிடி 2, அடியில் கால் 4. இதை ஒரு தொகுப்பாக ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். கிச்சனில் கீழ் அலமாரி 5 என்று போட்டால் கீல் 20, கைப்பிடி 10, கால் 20 என்று தானே வந்து உட்காரும். வீட்டுக்கார அம்மா வந்து ஜன்னல் பக்கம் இன்னொன்று வேண்டும் என்றால் 5 ஐ 6 ஆக்கினால் போதும். கீல் 24, கைப்பிடி 12, கால் 24. வாடிக்கையாளருக்குப் போகும் பிடிஎஃப்பில் இதெல்லாம் வராது, 'கீழ் அலமாரி 6 எண்ணம்' என்ற ஒரு வரிதான் வரும். எனக்கு மட்டும் உள்ளே முழுப் பட்டியல்.

கடலோர வீடுகளுக்கு இது இன்னும் உதவுகிறது. குளச்சல், முட்டம் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றில் சாதாரண முலாம் பூசிய கீல் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். அங்கே 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல்தான் போட வேண்டும். கொட்டேஷன் முழுக்க ஒரு பொருளை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இன்னொன்றை வைக்கும் வசதி இதில் இருக்கிறது. எண்ணிக்கை அப்படியே நிற்கிறது, விலை மட்டும் மாறுகிறது. நான் சோதித்துப் பார்த்த வேறொன்றில் பொருளை மாற்றினால் எல்லா இடத்திலும் அளவு 1 ஆகிவிட்டது. அதை அன்றைக்கே மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் அலகு. எண்ணம், செட், ஜோடி, ஷீட், ரன்னிங் அடி (நீளம் மட்டும்), சதுர அடி என்று நமக்கு வேண்டியதை நாமே எழுதிக்கொள்ளலாம். சேனலை ஜோடி என்று வைப்பதா எண்ணம் என்று வைப்பதா என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

இனி எனக்குக் கோபம் வரும் இடம்: முழு எண்ணாக்கும் விதம். ப்ளைவுட்டை 0.52 ஷீட் என்று யாரும் விற்கமாட்டார்கள், அதனால் 'மேல்நோக்கி முழுதாக்கு' என்று ஒரு டிக் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது வரிவரியாக முழுதாக்குகிறது. கிச்சனுக்கு 5.2 ஷீட், பெரிய படுக்கையறை அலமாரிக்கு 3.3, சின்ன அறைக்கு 2.4 என்று வையுங்கள். மொத்தம் 10.9, வாங்க வேண்டியது 11 ஷீட். மென்பொருள் 6, 4, 3 என்று கூட்டி 13 காட்டும். தண்ணீர் தாங்கும் 710 கிரேடு ப்ளைவுட் ஷீட் ஒன்று மூவாயிரத்துக்கு மேல். இரண்டு ஷீட் அநியாயமாக ஏறினால், மார்த்தாண்டத்தில் இருந்து கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர் நம்மை விட்டுவிட்டு அங்கே போவார்.

எங்கள் மூத்த ஆசாரி இதைப் பார்த்த உடனே சொன்னார்: "மக்களே, ஷீட்டக் கணக்க மொத்தமா பாரு. ரூம் ரூமா பாத்தா மிச்சத்துண்டு யாருக்கு?" அவர் ஒரு அறையில் மிஞ்சும் துண்டை அடுத்த அறையின் தட்டுக்கு வெட்டிவிடுவார். பட்டறையில் வேலை செய்த ஒருவரைக் கேட்டு எழுதியிருந்தால் இந்த மென்பொருளில் இந்தக் குறை வந்திருக்காது. இப்போது நான் அந்த டிக்கை எடுத்துவிட்டு அறைகளுக்குத் தசமத்திலேயே விட்டுவிடுகிறேன், கடைசியில் 'பொது' என்று ஒரு பகுதி வைத்து மீதி 0.1 ஷீட்டைக் கையால் சேர்க்கிறேன். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் தனி வரி. வேலை நடக்கிறது, ஆனால் சந்தா கட்டுகிறவள் செய்ய வேண்டிய வேலை இல்லை இது. மொத்தத்தில் முழுதாக்க வழி செய்யுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது குறை, கையால் அடித்த அளவும் கணக்கில் வந்த அளவும் திரையில் ஒரே மாதிரி தெரிகின்றன. ஏழடி அலமாரிக் கதவுக்கு 4 கீல். ஒரு வேலையில் கதவு லேசானது என்று 3 ஆக்கினால் அந்த 3 அங்கேயே உறைந்துவிடும். பிறகு அந்தக் கொட்டேஷனை நகலெடுத்து அடுத்த வீட்டுக்கு எட்டடி உயரம் என்று மாற்றினால், சதுர அடி ஏறும், லேமினேட் ஏறும், கீல் மட்டும் 3 லேயே நிற்கும். எந்த அடையாளமும் இல்லை. கையால் மாற்றிய எண்ணுக்கு ஒரு கலர் காட்டினால் போதுமே! அதனால் பழைய கொட்டேஷனை நான் நகலெடுப்பதே இல்லை, தொகுப்புகளில் இருந்து புதிதாகவே போடுகிறேன்.

அடி, அங்குலம் எழுதும்போதும் கவனம் வேண்டும். ஏழரை அடியை ஆசாரி துண்டுச் சீட்டில் 7.6 என்றுதான் எழுதிக் கொடுப்பார், ஏழடி ஆறு அங்குலம் என்று பொருள். அளவுக் கட்டத்தில் அப்படியே அடித்தால் மென்பொருள் அதைத் தசமமாக எடுத்துக்கொள்ளும். பத்தடிச் சுவருக்கு 75 சதுர அடி வர வேண்டிய இடத்தில் 76 வரும். பக்கத்தில் உள்ள அளவுக் கணிப்பானைத் திறந்தால் அடிக்கும் அங்குலத்துக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. அதைத் திறந்தே போடுங்கள், சோம்பல் படவேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்ததைச் சொல்லவேண்டும். கருங்கல், திங்கள்நகர் பக்கம் வரும் வேலைகளில் பாதிக்குப் பாதி வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், இங்கே அம்மாவோ மனைவியோ இருப்பார். கொட்டேஷனை லிங்காக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் ஷிப்ட் முடிந்து போனில் திறந்து பார்ப்பார். எந்த வரியின் அளவை அவரே மாற்றலாம், எதை மாற்றக்கூடாது, குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்பதை நான் முன்கூட்டியே வைத்துவிடலாம். லாஃப்ட், டிராயர், ஷூ ரேக் இவற்றை விருப்பப் பொருளாக வைத்துவிடுகிறேன். டிராயரை 3 இல் இருந்து 4 ஆக்கினால் சேனல் ஒரு ஜோடி கூடி, 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த மொத்தம் அவர் கண்முன்னே மாறுகிறது. "அண்ணே, இன்னொன்று வைத்தால் எவ்வளவு கூடும்?" என்று ராத்திரி பதினோரு மணிக்கு அண்ணனுக்கு வரும் போன் நின்றுவிட்டது. கீழ் அலமாரி எண்ணிக்கையை மட்டும் பூட்டியே வைத்திருக்கிறேன், அது சுவர் நீளத்தைப் பொறுத்தது.

அவர் ஒப்புக்கொண்ட பிறகு அளவு எங்கே மாறியது என்பதும் பதிவாகி நிற்கிறது. முதல் பதிப்பில் லாஃப்ட் 42, இரண்டாவதில் 36 என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வேலை முடிந்து கணக்குப் பார்க்கும்போது வாய்ச்சண்டை இல்லை. அம்மா ஒரு அளவு சொல்லி மகன் ஒரு அளவு சொல்லும் வீடுகளில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

தமிழில் பொருள் பெயர் அடித்தால் திரையில் சரியாக வருகிறது. பிடிஎஃப்பில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, 'கொக்கி' என்பதைப் படிக்கவே முடியாது. அதனால் வாடிக்கையாளருக்குப் போகும் வரிகளை இப்போதைக்கு ஆங்கிலத்தில் போடுகிறேன். குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்குள் உள்ள வீடுகளில் சிக்னல் போனால் ஆப்பும் போய்விடும், அங்கே நோட்டில் எழுதிவந்து பட்டறையில்தான் ஏற்ற வேண்டும்.

மாதச் சந்தா எங்களுக்கு ஒரு 710 ஷீட் விலையில் பாதிகூட வராது. கிச்சன், அலமாரி என்று ஒரே மாதிரிப் பெட்டிகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள் வாங்கலாம். கதவு, நிலை, தேக்குக் கட்டில் என்று ஒவ்வொன்றும் தனி வேலையாகச் செய்யும் ஆசாரிகளுக்குத் தொகுப்பு எழுதும் நேரமே வீண், அவர்களுக்கு எக்ஸெல் போதும். இலவசச் சோதனைக் காலத்தில் புதுக் கொட்டேஷன் போட்டுப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே முடித்து, எத்தனை ஷீட் வாங்கினோம் என்று பில் கையில் இருக்கிற பழைய வேலை ஒன்றை உள்ளே ஏற்றி, அது காட்டும் எண்ணைக் கடைப் பில்லோடு ஒத்துப் பாருங்கள்.