450 ரூபாய்க் குழாய்க்கு டர்போ மாற்றிய கதை: திருகோணமலை டீசல்காரர் கவனத்துக்கு

டீசல் டபுள் கேப் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவை வீணாக மாற்றி எனக்கு 183,000 ரூபாய் போய்விட்டது. கராஜின் பெயரை எழுதப் போவதில்லை. கையில் பில் இல்லை. அது ஏன் இல்லை என்பதும் கீழே வரும்.

என்னுடையது நிசான் நவாரா டி40. ஹபரணையில் இருந்து இரவு வரும்போது அக்போபுரவுக்குக் கிட்ட திடீரென்று இழுவை செத்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் 60க்கு மேல் ஏறவில்லை, எஞ்சின் லைட் எரிகிறது. யானை வீதியைக் கடக்கிற இடம், நிறுத்திப் பார்க்க மனம் வருமா? உருட்டிக்கொண்டே கந்தளாய் வந்து, எஞ்சினை நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

மறுநாள் தெரிந்த ஒருவர் மூலம் டவுனில் ஒரு கராஜுக்குப் போனேன். ஸ்கேன் மெசினில் பி0299 என்ற பழுதுக் குறியீடு விழுந்தது. கராஜ் பாஸ், டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் முழுக்கக் கறுப்பு எண்ணெய். "தம்பி, டர்போ முடிஞ்சுது. ஒயில் கக்குது பாருங்கோ."

அந்த விரல்தான் என்னை விழுத்தியது. ஓடிய டீசல் எஞ்சின் எதிலும் அந்தக் குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும், எஞ்சின் மூச்சு விடும் குழாய் வழியாக வருவது அது என்று அப்போது எனக்குத் தெரியாது. குளமாகத் தேங்கி நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

கொழும்பில் இருந்து ரீகண்டிஷன் டர்போ, அதாவது பழையதைத் திருத்தியது, 165,000, கூலி 18,000. "பில் போட்டா கூடும், நம்ம ஆள்தானே" என்றார். நானும் தலையாட்டினேன். என் மடத்தனம்.

இரண்டாம் நாள் அதே ஹபரணை வீதி, அதே லைட். திரும்பக் கொண்டுபோனால் டீசல் சரியில்லையாம். அடுத்த தடவை, எஞ்சினின் கம்பியூட்டரான ஈசியூவைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், இன்னொரு 90,000 ஆகுமாம்.

அப்புறம்தான் மச்சான் சீனக்குடாவில் ஓய்வாக இருக்கும் ஒரு ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் முதலில் ஸ்கேன் மெசினைத் தொடவே இல்லை. பி0299 என்றால் கம்பியூட்டர் கேட்ட அளவு காற்றழுத்தம் வரவில்லை, அவ்வளவுதான். எது பழுது என்று அது சொல்லாது என்றார். இந்த வகை டர்போவுக்குள் சின்ன இறக்கைகள் இருக்கின்றன. வாக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் விசை, இழுத்தால் அவை ஒடுங்கி, குறைந்த வேகத்திலேயே பூஸ்ட் எனப்படும் அந்தக் காற்றழுத்தம் வரும். வாக்குவம் இல்லாவிட்டால் விரிந்தே நிற்கும், டர்போ புத்தம் புதிது என்றாலும் இழுவை இராது. வாக்குவம் பம்பில் இருந்து மின்சாரத்தில் இயங்கும் சொலனாய்ட் வால்வுக்கும், அங்கிருந்து இறக்கைகளை அசைக்கும் அக்சுவேட்டருக்கும் சின்ன ரப்பர் குழாய்கள் போகின்றன. வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைத்தான் கம்பியூட்டர் தீர்மானிக்கிறது.

மீட்டர் வைத்த கைப்பம்பை அக்சுவேட்டரில் மாட்டி அமுக்கினார். கம்பி வழுக்கிக்கொண்டு மேலே போய் அப்படியே நின்றது. அது நல்லது. சாவி மட்டும் போட்டு, எஞ்சினைத் தொடாமல் பூஸ்ட் சென்சார் காட்டுவதைப் பார்த்தார்: 101 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் இருக்கிற ஊருக்கு அதுதான் கணக்கு, சென்சாரும் சரி. பிறகு எஞ்சினை ஓடவிட்டு பம்ப் வாயில் பார்த்தார், வாக்குவம் நல்லாக இருந்தது. வால்வுக்கு வரும் இடத்தில் பார்த்தார், பாதிதான். குழாயைத் தடவிக்கொண்டே போனவர் பிராக்கெட்டில் உரசும் இடத்தில் லேசாக வளைத்தார். "ஸ்ஸ்" என்று சத்தம். நகக்கீறல் அளவு வெடிப்பு. சூடேறினால் விரியும், ஆறினால் மூடிக்கொள்ளும். டவுனுக்குள் சுற்றினால் தெரியாமல், நீண்ட ஓட்டத்தில் மட்டும் காட்டியது அதனால்தான். குழாய் 450 ரூபாய், வேலை இருபது நிமிடம். காசு எவ்வளவு என்று கேட்டதற்கு முறைத்தார்.

இதைப் பார்க்கச் சொல்லித்தான் நீங்கள் கேட்க வேண்டும்: டர்போவில் கை வைக்கும் முன் வாக்குவம் எங்கெங்கே எவ்வளவு என்று மீட்டரில் காட்டட்டும். ஓடும்போது கேட்கிற பூஸ்ட்டையும் வருகிற பூஸ்ட்டையும் ஸ்கேனரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். கைப்பம்ப் இல்லை என்கிற கராஜில் டர்போவைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் பழையதை உங்கள் வண்டியிலேயே ஏற்றுங்கள்.

நான் ஏற்றவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழைத்து முறையிடச் சொன்னான் மச்சான். எதைக் காட்டி முறையிடுவது? பில் இல்லை, பழைய டர்போவும் இல்லை. கேட்டபோது "அது இரும்புக்குப் போட்டாச்சு தம்பி" என்றார்கள். ரீகண்டிஷன் கடைகள் பழையதைக் காசு கொடுத்து வாங்கும் என்பது எனக்கும் இப்போது தெரியும்.

போன கிழமையில் இருந்து, உவர்மலை ஏற்றத்தில் மிதித்தால் அந்த 165,000 ரூபாய் டர்போ விசிலடிக்கத் தொடங்கியிருக்கிறது. என்னுடையது எவனுடைய வண்டியில் நல்லாக ஓடிக்கொண்டிருக்கிறதோ.