ஐந்து ஆண்டுகளாக ஒரே திறன்பேசி: வாங்கிய பின் மாறிய நிபந்தனைகள்

2020ஆம் ஆண்டின் நடுவில் வாங்கிய திறன்பேசி ஐந்து ஆண்டுகளைக் கடந்தும் என்னிடம் இருக்கிறது. திரை இன்னும் தெளிவாக இருக்கிறது, கேமரா என் தேவைக்குப் போதும், இரண்டு முறை கீழே விழுந்தும் உடையவில்லை. பொருள் என்ற அளவில் அதன் மீது எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் முழு விலையும் கொடுத்து வாங்கிய அந்தப் பொருளின் மீது எனக்கு எவ்வளவு உரிமை மிஞ்சியிருந்தது என்பது, வாங்கி ஒன்றரை ஆண்டு கழிந்த பிறகே எனக்குப் புரியத் தொடங்கியது. வாங்கிய முதல் மாதத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் இது இடம்பெற வாய்ப்பே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 12 புதுப்பிப்பு வந்தது. இரவில் நிறுவவிட்டுத் தூங்கினேன். காலையில் எடுத்துப் பார்த்தால், அதுவரை என் குடும்பப் படம் இருந்த திரைப்பூட்டுப் பக்கத்தில் ஒரு விளம்பரப் படம் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு உள்ளே போனதும், திருத்தப்பட்ட தனியுரிமைக் கொள்கையை ஏற்கச் சொல்லி ஓர் அறிவிப்பு நின்றது. அதில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பெரிதாக நீல நிறத்தில் இருந்தது. அதன் கீழே ‘பிறகு’ என்ற சொல் மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தது. மறுப்பதற்கான பொத்தானே கிடையாது. மூன்று நாட்கள் ‘பிறகு’ என்பதைத் தட்டி வந்தேன், நான்காம் நாள் அதுவும் காணாமல் போயிற்று. ஏற்காவிட்டால் உற்பத்தியாளரின் கணக்கில் நான் சேமித்திருந்த படங்களின் காப்புப்பிரதியை எடுக்க முடியாது என்ற நிலையில், வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டேன்.

பணம் செலுத்தி, ஒன்றரை ஆண்டுப் படங்களையும் தொடர்புகளையும் ஒரு கருவிக்குள் வைத்துவிட்ட ஒருவரிடம் புதிய நிபந்தனையை நீட்டி வாங்கும் ஒப்புதலைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறை, சம்மதம் கட்டாயமின்றித் தரப்பட வேண்டும் என்றும், தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இரண்டு அளவுகோல்களில் எதற்கும் நான் கண்ட அறிவிப்பு பொருந்தவில்லை.

அதே புதுப்பிப்புதான் எனக்கு ஒரு நல்ல கருவியையும் தந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. எந்தச் செயலி எப்போது கேமராவை, மைக்கை, இருப்பிடத்தைப் பயன்படுத்தியது என்பதை மணிவாரியாகக் காட்டும் தனியுரிமைப் பலகை ஆண்ட்ராய்டு 12இல்தான் அறிமுகமானது. அதைத் திறந்தபோது, கருவியுடனேயே வந்த வானிலைச் செயலி முந்தைய இரவு 2.40, 3.10, 3.40 என்று அரை மணி நேரத்துக்கு ஒரு முறை என் இருப்பிடத்தை எடுத்திருந்தது தெரிந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அனுமதியைப் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றி, துல்லியமான இருப்பிடத்துக்குப் பதிலாகத் தோராயமான இருப்பிடம் போதும் என்று வைத்தேன். வானிலைத் தகவல் முன்பு போலவே சரியாக வந்தது. அப்படியானால் அந்த இரவுக் கணக்கு வானிலைக்குத் தேவைப்பட்டதே இல்லை. அந்தச் செயலியை நீக்க முடியவில்லை, முடக்கத்தான் முடிந்தது. விளம்பரங்களுக்காக என் கருவியை அடையாளம் காண உதவும் விளம்பர அடையாள எண்ணையும் அன்றே அழித்தேன்.

ஓர் அமைப்பை அணைத்தால் கண்காணிப்பு நின்றுவிடும் என்று நானும் நம்பியவன்தான். கூகுளின் ‘இருப்பிட வரலாறு’ அமைப்பை அணைத்த பிறகும் வேறோர் அமைப்பின் வழியே இருப்பிடம் சேமிக்கப்படுவதை 2018இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுடன் 39.15 கோடி டாலருக்கு கூகுள் உடன்பாடு செய்துகொண்டது. அதனால் இப்போது ஒவ்வோர் அமைப்பையும் அணைத்த மறுநாள், பலகையைத் திறந்து ஒரு முறை சரிபார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் பேட்டரி தளர்ந்தது. அது லித்தியம் அயனி பேட்டரியின் இயல்பு, அதற்காக யாரையும் குறைசொல்ல மாட்டேன். சேவை மையத்தில் நடந்ததுதான் என்னை வருத்தியது. நிரப்பச் சொல்லித் தந்த படிவத்தில் திரைப்பூட்டு எண்ணை எழுத ஒரு கட்டம் இருந்தது, அதற்கு நேர் கீழே ‘தரவு இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற வரி. பேட்டரி மாற்ற என் திரைப்பூட்டு எண் எதற்கு என்று கேட்டேன். மாற்றிய பின் கேமராவையும் ஒலிபெருக்கியையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். நான் அருகில் இருக்கும்போது திறந்து தருகிறேன் என்றதற்கு, அது வழக்கமில்லை என்று பதில் வந்தது. திருப்பி எடுத்துச்சென்று, எல்லாவற்றையும் காப்புப்பிரதி எடுத்து, கருவியை முழுவதும் அழித்துவிட்டு மறுநாள் கொடுத்தேன். பயனரின் தரவை மறைத்துவிட்டுப் பழுதுபார்க்கும் வசதியைச் சாம்சங் 2022இலும் கூகுள் 2023இலும் கொண்டுவந்துள்ளன. எண்ணைத் தாளில் எழுதச் சொல்லும் வழக்கத்துக்கு இனித் தொழில்நுட்பக் காரணம் இல்லை.

பேட்டரி விஷயத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் கதையை நினைக்காமல் இருக்க முடியாது. பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துபோவதைத் தடுக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக அது 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. காரணம் பொறியியல் நோக்கில் ஏற்கத்தக்கதே. ஆனால் பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும் என்று தெரியாமல், கருவியே பழையதாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியவர்களுக்கு அந்தக் காரணம் ஈடாகாது. வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்கத் தவறியதற்காகவே பிரான்ஸ் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2022இன் இறுதியோடு நின்றுவிட்டன. மூன்று ஆண்டுகள் தருவதாக நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் அந்தக் கணக்கு நான் வாங்கிய நாளிலிருந்து அல்ல, மாடல் வெளியான நாளிலிருந்து தொடங்கியது. எனக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. இந்த இடத்தில்தான் ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி முக்கியமாகிறது: அது ஐந்து ஆண்டுப் புதுப்பிப்பைக் கணக்கிடுவது விற்பனை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து. உதிரிப் பாகங்கள் ஏழு ஆண்டு கிடைக்க வேண்டும் என்றும், 800 முறை மின்னேற்றிய பிறகும் பேட்டரி 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 மாடல்களுக்கு ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு அறிவிக்கப்பட்டதைப் பார்க்கும்போது, முன்பு முடியாது என்று சொல்லப்பட்டது முடியக்கூடியதாகவே இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

புதுப்பிப்பு நின்றதும் வங்கிச் செயலியை அந்தத் திறன்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது அது படிக்கவும் படம் எடுக்கவும் மட்டுமே பயன்படுகிறது. இரண்டாவதாக ஒன்று வாங்கியபோது, புதுப்பிப்பு எந்தத் தேதி வரை வரும் என்று விற்பனையாளரிடம் கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. உற்பத்தியாளரின் இணையதளத்தில் அந்தத் தேதியைத் தேடியெடுத்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து, ரசீதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.